ஒரே வயலுக்குள் எத்தனை வயல்? துல்லிய வேளாண்மையும் அதிலுள்ள வேலைகளும்

2024 மே 10ஆம் தேதி சூரியனிலிருந்து கிளம்பிய காந்தப் புயல் ஒன்று பூமியை வந்து தாக்கியது. 2003க்குப் பிறகு அவ்வளவு பலமான புயல் வந்ததில்லை. இரவு வானத்தில் பச்சையும் இளஞ்சிவப்புமாகத் தெரிந்த ஒளியைப் பலரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் மக்காச்சோளம் விதைத்துக்கொண்டிருந்த விவசாயிகள் சிலர் டிராக்டரை வேலைக்கு நடுவே நிறுத்த வேண்டியதாயிற்று. இன்ஜின் கோளாறு இல்லை, டீசலும் தீரவில்லை. சாட்டிலைட் சிக்னலை வைத்துத் தானே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொள்ளும் டிராக்டருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

சரி, ஸ்டியரிங்கைக் கையால் பிடித்து ஓட்ட வேண்டியதுதானே என்று தோன்றும். பிரச்சினை அன்றைக்கு இல்லை, பின்னால்தான். அங்கே மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவில் பெரும்பாலும் 76 சென்டிமீட்டர்தான் இடைவெளி. விதைக்கும்போது டிராக்டர் போன கோடு கணினியில் பதிவாகிறது. மேலுரம் வைக்கவும் மருந்தடிக்கவும் வரும் வண்டி அதே கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் வரும். விதைக்கும் நாளில் அந்தக் கோடு ஒரு சாண் தள்ளிப் பதிவானால், பிறகு வரும் வண்டியின் சக்கரம் நேராகப் பயிர் மேலேயே ஏறும். கோணலாக விதைத்த வரிசையை மனுஷன் கண்ணால் பார்த்து சமாளித்துவிடுவான், பதிவை மட்டும் நம்பி வரும் மெஷினுக்கு அது முடியாது.

மாணவர்களுக்குத் துல்லிய வேளாண்மையை அறிமுகப்படுத்தச் சொன்னால் நான் இந்தக் கதையில்தான் தொடங்குவேன். ஒரு விதை சரியான இடத்தில் விழ வேண்டுமென்றால் சூரிய இயற்பியல், ரேடியோ அலை, சாஃப்ட்வேர், ஸ்டியரிங் மோட்டார், மண்ணின் ஈரம் என்று இத்தனையும் ஒத்துவர வேண்டியிருக்கிறது, இதில் ஒவ்வொரு கண்ணியிலும் யாரோ ஒருவருடைய வேலை ஒளிந்திருக்கிறது. வழக்கமாக நடப்பது வேறு. ஒரு ட்ரோனைக் கொண்டுவந்து பறக்கவிடுவார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள், வீடியோ எடுப்பார்கள், கைதட்டுவார்கள், கலைந்துவிடுவார்கள். காலடியில் இருக்கும் மண் என்ன மண் என்று ஒருவரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். இது தப்பான வாசல் என்பது என் கட்சி. முதல் நாள் கையில் கொடுக்க வேண்டியது மண்வெட்டி.

ஏன் என்று சொல்கிறேன். சர்வதேச துல்லிய வேளாண்மைக் கழகம் 2019இல் ஒரு வரையறை தந்தது, 2024இல் அதைத் திருத்தியது. சாரம் இதுதான்: இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம், செடிக்குச் செடி, மாட்டுக்கு மாடு இருக்கும் வித்தியாசத்தை அளந்து, அதை வைத்து முடிவெடுக்கும் நிர்வாக முறை. அந்த வரையறையில் ட்ரோன் என்ற சொல்லே கிடையாது. ரோபோவும் கிடையாது. வித்தியாசத்தை அளப்பதுதான் விஷயம், மற்றதெல்லாம் கருவி.

கருவி இல்லாத காலத்திலேயே இந்த யோசனை இருந்தது. 1929இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் லின்ஸ்லியும் பவுரும் ஒரு சின்ன வெளியீடு போட்டார்கள்: வயலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து மண் எடுங்கள், எங்கே அமிலத்தன்மை அதிகம் என்று படம் வரையுங்கள், சுண்ணாம்பை அங்கே மட்டும் போடுங்கள் என்று. கேட்டால் இன்றைக்கு எழுதியது மாதிரி இருக்கிறது. அப்புறம் பெரிய மெஷின்கள் வந்தன. ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாகப் பார்ப்பதைவிட மொத்தத்துக்கும் ஒரே அளவு இறைத்துவிட்டுப் போவது சுலபமாகவும் மலிவாகவும் ஆகிவிட்டது, அந்த யோசனை அப்படியே தூங்கிப்போனது.

மண் மாதிரி எடுப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில வி எழுத்து மாதிரி ஒரு குழி வெட்டி, அதன் பக்கச்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் தடிமனுக்குச் சீவி எடுக்க வேண்டும். இப்படி வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்து ஒரே வாளியில் கொட்டிக் கலந்து, பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, அரை கிலோ வரும்வரை குறைத்துக்கொண்டே வந்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நல்ல முறைதான், தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். ஆனால் வாளியில் போட்டுக் கலக்கினோமே, அந்தக் கணத்தில் என்ன நடந்தது? வயலின் ஒரு பக்கம் மணிச்சத்துக்குத் தவிக்கிறது, இன்னொரு பக்கம் தேவைக்கு மேல் குவிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலந்தால் "போதுமான அளவு" என்று அறிக்கை வரும். அந்த அறிக்கை வர்ணிக்கும் வயல் உலகத்தில் எங்கேயும் இல்லை. துல்லிய வேளாண்மையின் முதல் பாடம் வாளியில் கொட்டாதே என்பதுதான். தனித்தனிப் பையில் போடு, எடுத்த இடத்தைக் குறித்துவை. இதை ஒரு வகுப்பு ஒரே மதியத்தில் செய்து பார்த்துவிடலாம்.

இடத்தைக் குறிப்பதற்குத்தான் ஜிபிஎஸ். 2000 மே மாதம்வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய பிறகு சாதாரண ரிசீவரே சில மீட்டருக்குள் சொல்ல ஆரம்பித்தது. வண்டி ஓட்ட அது போதும், விதைக்கப் போதாது. அதற்காக வந்ததுதான் ஆர்டிகே என்ற முறை. துல்லியமாக இடம் தெரிந்த ஒரு புள்ளியில் நிலையாக ஒரு ரிசீவரை நட்டுவிடுவார்கள். தான் எங்கே இருக்கிறோம் என்பது அதற்கு ஏற்கெனவே தெரியும், ஆகவே சிக்னல் சொல்லும் கணக்கில் எவ்வளவு பிழை என்பதும் உடனே தெரிந்துவிடும். அந்தத் திருத்தத்தை ரேடியோ மூலமோ செல்போன் வலை மூலமோ டிராக்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். டிராக்டரில் உள்ள ரிசீவர் சிக்னலில் இருக்கும் குறியீட்டோடு நிற்காமல் அதைச் சுமந்துவரும் அலையையே எண்ணுகிறது. ஜிபிஎஸ்ஸின் முதன்மை அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர், அதில் ஒரு சிறு பங்கு வரைக்கும் அளக்க முடிவதால் இரண்டு சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அலையை வைத்து! இதெல்லாம் ஒரு நிபந்தனையோடுதான் நடக்கும். நிலையத்தின் தலைக்கு மேல் இருக்கும் அயனி மண்டலமும் (சிக்னலைத் தாமதப்படுத்தும், மின்னேற்றத் துகள்கள் நிறைந்த மேல்வளி அடுக்கு) டிராக்டரின் தலைக்கு மேல் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்க வேண்டும். சூரியப் புயல் அந்த மண்டலத்தைக் கலக்கிவிட்டதால் மே 10 அன்று உடைந்தது அந்த நிபந்தனை.

அடுத்தது கண். ஆரோக்கியமான இலை சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் தின்றுவிடும், நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும். இந்த இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண்ணைத்தான் என்டிவிஐ என்கிறார்கள். அகச்சிவப்பில் 50 சதவீதம், சிவப்பில் 5 சதவீதம் திரும்பி வந்தால் எண் 0.82. பயிர் வாடி 30க்கு 15 என்று ஆனால் 0.33. எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஐரோப்பாவின் சென்டினல்-2 சாட்டிலைட்டுகள் 2015இலிருந்து இந்தப் படங்களை எடுத்துவருகின்றன; இரண்டு சாட்டிலைட் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் பார்க்கின்றன, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பே லேண்ட்சாட் படங்கள் 1972இலிருந்து இருக்கின்றன, 2008இலிருந்து அவையும் இலவசம்.

இலவசம் என்றதும் துள்ள வேண்டாம். சென்டினல் படத்தின் மிகச் சின்னப் புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். அரை ஹெக்டேர் வயலை 70 மீட்டர் சதுரம் என்று வையுங்கள், மொத்தம் 49 புள்ளி. ஓரத்தில் இருக்கும் 24 புள்ளியில் வரப்பும் பாதையும் பக்கத்து வயலும் கலந்துவிடும் வாய்ப்பு அதிகம். உள்ளே நம்பக்கூடியது 25 புள்ளிதான். பெரிய பண்ணைக்கு இது பொக்கிஷம், துண்டு நிலத்துக்கு மங்கலான கண்ணாடி. மேகம் இருந்தால் அதுவும் இல்லை. பயிர் அடர்ந்து மூடிய பிறகு எண் மேலே போய் முட்டிக்கொண்டு நிற்கும், நல்ல பயிரையும் மிக நல்ல பயிரையும் பிரித்துக் காட்டாது.

இதையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு, அதை நான் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் ஒரு வயலின் படத்தைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் எண் குறைந்து பட்டையாகச் சிவந்திருந்த இடத்தைக் காட்டி, இங்கே தழைச்சத்துக் குறைவு, கூடுதலாக உரம் வையுங்கள் என்று ரொம்பத் தெரிந்தவன் மாதிரி சொன்னேன். வயல்காரர் ஒன்றும் பேசவில்லை. கூட்டிக்கொண்டு போய் ஒரு கம்பியைக் கொடுத்து அந்த இடத்தில் குத்தச் சொன்னார். ஒரு ஜாண் கூட இறங்கவில்லை. பல வருஷமாக டிராக்டரைத் திருப்பிய இடம் அது. மண் இறுகிப் பாறை மாதிரி கிடந்தது, வேர் உள்ளே போக வழியில்லை. அதில் எவ்வளவு உரம் போட்டாலும் வீண். பத்தடி தள்ளி அதே கம்பி சர்ரென்று இறங்கியது. தண்ணீர் தேங்கினாலும் படம் சிவக்கும், உரம் குறைந்தாலும் சிவக்கும், வேரில் புழு இருந்தாலும், மரநிழல் விழுந்தாலும், விதையே முளைக்காமல் போனாலும் அதே சிவப்பு. படம் எங்கே என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது.

அறுவடை மெஷினில் இருக்கும் மகசூல் அளவியும் இதே ரகம். தானியம் உள்ளே ஏறும் பாதையின் முடிவில் ஒரு தட்டு இருக்கும், அதில் மணிகள் வந்து மோதும் விசையை வைத்து எவ்வளவு வருகிறது என்று கணக்கிடுகிறது. ஈரப்பத சென்சார் ஒன்று, ஜிபிஎஸ் ஒன்று, மூன்றையும் சேர்த்தால் வயலின் எந்த மூலை எவ்வளவு கொடுத்தது என்று வண்ணப் படம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முன்பக்கம் வெட்டப்பட்ட கதிர் உள்ளே போய், அடிபட்டு, சலித்து, அந்தத் தட்டை அடையப் பத்துப் பன்னிரண்டு விநாடி ஆகிவிடும். மெஷின் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் 12 விநாடியில் 20 மீட்டர் தாண்டியிருக்கும். இந்தத் தாமதத்தைச் சரிக்கட்டாமல் விட்டால் பள்ளத்தில் விளைந்தது மேட்டில் விளைந்ததாகப் பதிவாகும், நீங்களும் மேட்டுக்கு உரத்தைக் கூட்டுவீர்கள். திரும்பும் இடங்களில், பாதி அகலத்துக்கு மட்டும் வெட்டிய இடங்களில், பொய்யான எண்கள் குவிந்திருக்கும். இந்தக் குப்பையைப் பொறுக்கிச் சுத்தம் செய்வது ஒரு தனி வேலை, சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள். டேட்டா சயின்ஸ் என்று பெரிதாகச் சொன்னாலும் பாதி நாள் இதில்தான் போகும்.

இனி செய்கை. அளந்ததை வைத்து இடத்துக்கு ஏற்ற அளவில் விதையோ உரமோ தண்ணீரோ கொடுப்பது. ஏற்கெனவே தெளித்த இடத்தின் மேல் வண்டி மறுபடி போகும்போது அந்தப் பக்கத்து நாசில் தானாக மூடிக்கொள்வது. கேமரா களையை அடையாளம் கண்டு அதன் மேல் மட்டும் மருந்தைப் பீய்ச்சுவது. கடைசியாகச் சொன்னதில் புளூ ரிவர் என்ற நிறுவனம் நெருக்கமாக முளைத்த லெட்டூஸ் கீரையில் மிகுதியை நீக்கிக் கலைத்துவிடும் மெஷினில் தொடங்கி, களை பார்த்துத் தெளிக்கும் கருவிக்கு வந்து, 2017இல் டிராக்டர் தயாரிக்கும் ஜான் டியர் நிறுவனத்தால் வாங்கப்பட்டது. இங்கிலாந்தின் ஹார்ப்பர் ஆடம்ஸ் பல்கலைக்கழகத்தில் அதே 2017இல் ஒரு ஹெக்டேர் பார்லியை மனிதர் வயலில் கால் வைக்காமல் விதைத்து அறுத்துக் காட்டினார்கள். பயிரின் நிலையைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வல்லுநருக்குக்கூட உள்ளே போக அனுமதியில்லை. ட்ரோனும் சின்ன வண்டியும் கொண்டுவந்த படத்தையும் மாதிரியையும் வைத்துத்தான் அவர் சொல்ல வேண்டியிருந்தது. மாட்டுப் பண்ணையில் இதெல்லாம் இன்னும் முன்பே வந்துவிட்டது. பால் கறக்கும் ரோபோ 1992இலேயே நெதர்லாந்தில் வேலை செய்ய ஆரம்பித்தது. இப்போது மாட்டின் கழுத்துப்பட்டையில் உள்ள சென்சார் அது எவ்வளவு நேரம் அசைபோட்டது என்று எண்ணுகிறது. அசைபோடுவது குறைந்தால் நோய் வெளியே தெரிவதற்கு முன்பே எச்சரிக்கை வரும்.

வேலைகளுக்கு வருவோம். பிரசுரங்களில் ட்ரோன் பைலட் என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். கெட்ட வேலை இல்லை, ஆனால் உள்ளபடி அது என்ன என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. மருந்துச் சுமையோடு பறக்கும் ட்ரோனின் பேட்டரி பத்து நிமிடத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம். ஆகவே நாள் முழுக்க இறக்கு, பேட்டரி மாற்று, மருந்து கலக்கு, ஏற்று, மறுபடி இறக்கு. காற்று எழுந்தால் மருந்து பக்கத்து வயலுக்குப் போகும், நிறுத்திவிட்டு உட்கார வேண்டியதுதான். உரிமம் வேண்டும், பூச்சிமருந்தைக் கையாளும் பயிற்சி வேண்டும், விடிகாலையில் எழ வேண்டும். பறக்கவிடும் பகுதியை வரவர மெஷினே பார்த்துக்கொள்கிறது. மருந்தின் துளி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், இலையின் அடிப்பக்கம் எட்டுகிறதா என்று யோசிக்கத் தெரிந்தவர்தான் அந்த வேலையில் நிலைப்பார்.

விளம்பரமே இல்லாமல் ஆள் தட்டுப்பாடு இருக்கும் வேலை களத்துக்குப் போய்ச் சரிசெய்யும் டெக்னீஷியன் வேலை. விதைப்பு தொடங்கிய அன்று போன் அடிக்க ஆரம்பிக்கும். வயல் முனையில் திரும்பும்போது ஒரு மீட்டர் நீளத்துக்கு விதை விழாமல் விட்டுப்போகிறது என்பார்கள். இது மெஷின் கொஞ்சம் தாமதமாகத் திறப்பதால் வருவது. எத்தனை விநாடி முன்கூட்டியே திறக்க வேண்டும் என்ற எண்ணைத் திருத்த வேண்டும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்க என்ன வழி என்றால், அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மண்ணில் மண்டியிட்டு விதையைத் தோண்டிப் பார்ப்பதுதான். இன்னொரு நாள் சென்சார் எல்லாம் செத்துவிட்டது என்பார்கள், போய்ப் பார்த்தால் எலி ஒயரைக் கடித்திருக்கும். ஒரு கம்பெனி டிராக்டரும் இன்னொரு கம்பெனி விதைப்பானும் பேசிக்கொள்வதற்கு ஐசோபஸ் என்று ஒரு பொது மொழி உண்டு, ஐஎஸ்ஓ 11783 என்ற தரநிலை. அது எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவரைக் கையில் வைத்துத் தாங்குவார்கள். டிப்ளமோ போதும் இதற்கு. மல்டிமீட்டரைப் பிடிக்கவும் வயல்காரரிடம் பொறுமையாகப் பேசவும் தெரிய வேண்டும்.

களையைப் பார்க்கும் கேமராவுக்கு யாரோ ஆயிரக்கணக்கான படத்தில் இது பயிர், இது களை என்று அடையாளம் வைத்திருக்கிறார்கள். இரண்டு இலை பருவத்தில் புல்லும் தானியப் பயிரும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதைப் பிரிக்கத் தாவரவியல் தெரிந்த கண் வேண்டும். சென்சார் வடிவமைப்பவருக்கு வெயில், மழை, மின்னல், எறும்பு எல்லாவற்றோடும் மல்லுக்கட்டு. மேலே சொன்ன சிவப்புப் பட்டையைப் பார்த்து ஏன் என்று கேட்கும் பயிர் ஆலோசகர் இருக்கிறார், வயல் படங்களை அடுக்கி வைக்கும் புவியியல் தகவல் நிபுணர் இருக்கிறார். அப்புறம் சட்டம் படித்தவர்களுக்கும் இடம் உண்டு, யாரும் சொல்வதில்லை. வயலின் டேட்டா யாருடையது, விதை விற்பவர் அதைப் பார்க்கலாமா என்பதெல்லாம் இன்னும் தீராத வழக்கு. டிராக்டரின் சாஃப்ட்வேர் பூட்டைத் திறந்து பழுது பார்க்கும் உரிமை யாருக்கு என்பதற்காக 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையமே ஜான் டியர் மீது வழக்குப் போட்டது. எதிர்முனையில், கனடாவின் ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த விவசாயி பிரையன் டிஷ்லர் தானியங்கி ஸ்டியரிங்குக்கான சாஃப்ட்வேரைத் தானே எழுதி ஏஜிஓபன்ஜிபிஎஸ் என்ற பெயரில் எல்லாருக்கும் திறந்துவிட்டார். பழைய டிராக்டரில் மாட்டிக்கொள்கிறார்கள்.

விற்பவர்கள் விழுங்கிவிடும் விஷயம் ஒன்றையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் எல்லா வயலிலும் லாபம் தராது. தானியங்கி ஸ்டியரிங் சீக்கிரம் பரவியதற்குக் காரணம், அதைப் போட்ட அன்றே ஓட்டுபவரின் முதுகு வலி குறைகிறது, உரம் இரட்டிப்பாக விழுவது நிற்கிறது. இடத்துக்கு இடம் உரத்தை மாற்றும் முறை அவ்வளவு வேகமாகப் பரவவில்லை, ஏனென்றால் அதற்கு வயலுக்குள் வித்தியாசம் பெரிதாக இருக்க வேண்டும், அந்த வித்தியாசத்துக்குக் காரணமும் தெரிந்திருக்க வேண்டும். சீரான மண்ணில் இவ்வளவு கருவியை இறக்குவது வெறும் ஆடம்பரம்.

காசில்லாமல் தொடங்க வழி இருக்கிறது. சென்டினல் படங்களைத் தரும் கோப்பர்நிக்கஸ் இணையதளத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு வயலைத் தேடி எடுத்து, நாலு மாதத்து என்டிவிஐ எண்ணை வரிசையாக எழுதிப் பாருங்கள். விதைப்பும் வளர்ச்சியும் அறுவடையும் எண்ணாகவே ஏறி இறங்குவது தெரியும். கியூஜிஐஎஸ் என்ற இலவச சாஃப்ட்வேரில் அதைப் படமாக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் பிடிக்கும் என்றால் கெபாசிட்டிவ் வகையைச் சேர்ந்த மலிவான மண் ஈர சென்சார் ஒன்றை வாங்கிச் செருகுங்கள், 512 என்று ஏதோ எண் வரும். 512 என்றால் எவ்வளவு ஈரம்? அதற்கும் தெரியாது. மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதைக் காட்டும் எண்தான் மின்காப்பு மாறிலி; தண்ணீருக்கு அது சுமார் 80, காய்ந்த மண்ணுக்கு நாலைந்துதான், இந்த இடைவெளியைத்தான் அது உணர்கிறது, சதவீதத்தை நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். சென்சார் செருகிய இடத்து மண்ணை எடை போட்டு, ஓவனில் 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் காயவைத்து, மறுபடி எடை போடுங்கள். 120 கிராம் 100 கிராமாகக் குறைந்தால், காய்ந்த மண்ணின் எடையில் ஈரம் 20 சதவீதம். இப்படி ஏழெட்டு ஈரநிலையில் அளந்து கோடு வரைந்த பிறகுதான் அந்த 512க்கு அர்த்தம் வரும். களிமண்ணில் வரைந்த கோடு மணலுக்குச் செல்லாது, அதற்கு மறுபடி முதலிலிருந்து.

எனக்குப் பிடித்த பயிற்சி இன்னும் எளிது. ஒரு வயலின் படத்தில் மாறுபட்டுத் தெரியும் ஓர் இடத்தைக் காட்டி, அங்கே என்ன பிரச்சினை என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தாளில் எழுதச் சொல்லி மடித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மண்வெட்டி, கம்பி, ஒரு பாட்டில் தண்ணீரோடு அந்த இடத்துக்குப் போங்கள். நல்ல இடத்தில் ஒரு குழி, கெட்ட இடத்தில் ஒரு குழி. இரண்டிலும் தண்ணீரை ஊற்றி எது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள், செடியைப் பிடுங்கி வேரைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தாளை அதற்கப்புறம் பிரித்தால் போதும்.